சொல்லாத உபதேசம்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)





இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இந்து வாலிபர் சங்கத்து மேடையில் கிறிஸ்தவ மிஷனரிமாரைப் பற்றிப் பேசுவதேன்? அதிலும், முதுமையில் அந்நிய தேசம் சென்று பணிசெய்யும் கணவனும் மனைவியும் தமது கடைசி வாரங்களை எவ்வாறு கழிக்கின்றனர் என்று ஆராய்வதேன்? நம்மில் பலர் மிஷன் பாடசாலைகளில் எழுத்தறிந்தவர்கள். நெற்றியில் நீறு பூசிக்கொண்டே வேத பாடம் கேட்டவர்கள். அதனால் மிஷனரிமாரைக் கண்மூடிப் போற்றவும் வேண்டுவதில்லை; கண்மூடித் தூற்றவும் வேண்டுவதில்லை. கண்ணைத் திறந்து பார்க்கும் தகுதி நமக்கு உண்டு.

அமெரிக்காவில் 1830ஆம் ஆண்டு தோன்றியது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. மோர்மன் சபை என்றால் பலருக்கும் விளங்கும். அதன் தலைமையகம் யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் நகரில் உள்ளது. வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டியும் அணிந்து வீடுவீடாகச் செல்லும் அச்சபையின் வாலிபரை உலகம் அறியும். ஆனால் உத்தியோகத்தினின்று இளைப்பாறி, பிள்ளைகளைக் கரைசேர்த்தபின், கணவனும் மனைவியுமாகப் புறப்படும் முதியோரைப் பலர் அறியார். இவர்களுக்குச் சம்பளம் இல்லை. தமது சேமிப்பிலிருந்தே செலவு செய்கின்றனர். 6, 12, 18 அல்லது 23 மாதங்கள் என்று சேவைக்காலத்தைத் தெரிந்துகொள்ள 2011ஆம் ஆண்டில் வழிசெய்யப்பட்டது. வைத்தியர், ஆசிரியர், கணக்காளர், சங்கீதம் அறிந்தவர் எனத் தத்தம் தொழிலறிவையே காணிக்கையாகக் கொண்டு செல்கின்றனர்.

இவர்கள் பணிபுரிந்துள்ள இடங்கள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம். அதுவே எருசலேம் நகரம்.

யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் ஒருங்கே புனிதமான அந்நகரை நோக்கி நிற்கும் மலைச்சாரலில், பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் எருசலேம் நிலையம் அமைந்திருக்கிறது. சரிவில் படிப்படியாக இறங்கும் எட்டு அடுக்குகளும் வளைவுகளும் கொண்ட அழகிய கட்டடம் அது. மோர்மன் சபையினருக்கும் அம்மலைக்கும் உள்ள தொடர்பு பழையது. அச்சபையின் அப்போஸ்தலர் ஓர்சன் ஹைட் என்பவர் 1841ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆந் திகதி ஒலிவமலையில் ஏறிப் பிரார்த்தனை செய்தார்.

ஆனால் 1980களில் அங்கு கட்டடம் எழத் தொடங்கியபோது பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. "எங்கள் பிள்ளைகளை மதம் மாற்றவே வருகிறார்கள்" என்று வைதிக யூதர்கள் வீதியில் இறங்கி ஆர்ப்பாட்டம் செய்தனர். இந்த அச்சம் நமக்கு அந்நியமானதன்று. 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும் இத்தகைய கவலையினாலேயே. முடிவில் நடந்ததென்ன? இஸ்ரேலில் மதப்பிரசாரம் செய்வதில்லை என்று பல்கலைக்கழகமும் சபையும் எழுத்தில் வாக்குக் கொடுத்தன. அங்கு படிக்கச் செல்லும் மாணவரும் பணிக்குச் செல்லும் முதியோரும் அவ்வாக்குக்குக் கட்டுப்பட்டவரே. நிலையம் 1989ஆம் ஆண்டு மே மாதம் பிரதிஷ்டை செய்யப்பட்டது.

சபையோரே, இதன் பொருளைச் சற்றுச் சிந்தியுங்கள். தமது மார்க்கமே உண்மை மார்க்கம், அதை அயலாருக்கு அறிவிப்பதே தமது கடமை என்று நம்புகின்ற ஒரு முதியவரும் அவர் மனைவியும், தமது செலவில் பல்லாயிரம் மைல் கடந்து, தமது வேதத்தின் பிறப்பிடமான மண்ணில் நின்றுகொண்டு, அதைப்பற்றி அயலாரிடம் பிரசங்கம் செய்யாமல் இருக்கிறார்கள். அப்படியாயின் அவர்கள் செய்வதென்ன? வருவோருக்குக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்ட குழல்களையுடைய, டென்மார்க்கில் செய்த பேரோர்கனைச் சூழ்ந்து இசையரங்கு நடைபெறும்போது, யூதரையும் அராபியரையும் ஒரே வாசலில் நின்று வரவேற்கிறார்கள். வைத்தியர் மாணவரின் நோய் தீர்க்கிறார். அவ்வட்டாரத்து ஏழைகளுக்கு உதவிகளை ஒழுங்கு செய்வோரும் உளர்.

இவர்களுடைய கடைசி வாரங்களுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, பணியை ஒப்படைப்பது. அடுத்து வருபவருக்குத் திறப்புகளையும் கணக்குகளையும் கொடுத்து, பழகிய முகங்களை அறிமுகம் செய்துவைப்பது. மற்றது, பாராத இடங்களைப் பார்த்துவிடுவது. எட்டு நூறு மீற்றர் உயரமுள்ள ஒலிவமலையிலிருந்து புறப்பட்டால் ஒரு மணி நேரத்துக்குள், கடல் மட்டத்துக்கு நானூறு மீற்றருக்கும் கீழே கிடக்கும் சாக்கடலை அடையலாம். அதன் அருகே உரோமப் படையை எதிர்த்து யூதர் நின்ற மசாடாக் குன்று. வடக்கே கலிலேயாவின் நன்னீர் ஏரி. தெற்கே கூப்பிடு தூரத்தில் பெத்லகேம்.

"சேவைக்கு வந்தவர்களுக்கு உல்லாசப் பயணம் ஏன்?" என்று கேட்கலாம். நாம் அப்படிக் கேட்பது அழகன்று. காசிக்கும் இராமேசுவரத்துக்கும் சென்ற நம் முன்னோர், வழியில் ஆற்றையும் மலையையும் பார்க்காமலா சென்றார்கள்? கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டா காட்டைக் கடக்கிறார்? பார்ப்பது குற்றமன்று, எதைப் பார்க்கிறோம் என்பதே கேள்வி.

எருசலேமில் கல்லை மட்டும் பார்த்துத் திரும்பலாம், மனிதரையும் பார்க்கலாம். கிறிஸ்துவை அடக்கம் செய்த இடமென்று போற்றப்படும் திருக்கல்லறை ஆலயத்தைக் கிறிஸ்தவப் பிரிவுகள் பல பங்கிட்டு வழிபடுகின்றன. ஆனால் அதன் வாசற் திறப்பும் கதவும் பல நூற்றாண்டுகளாக இரண்டு முஸ்லிம் குடும்பங்களின் பொறுப்பில் உள்ளன. அயல் மதத்தவனிடம் திறப்பைக் கொடுத்து வைத்திருக்கும் அந்தக் காட்சி, எத்தனை பிரசங்கத்துக்குச் சமம்! அதே பயணி பெத்லகேமுக்குச் செல்லும்போது, 2002ஆம் ஆண்டு முதல் எழுப்பப்பட்ட பிரிவுச் சுவரைக் கடந்தே போகவேண்டும். நிலையம் நிற்கும் கிழக்கு எருசலேமும் 1967ஆம் ஆண்டுப் போரில் இஸ்ரேல் கைப்பற்றிய பகுதியே. இவற்றையெல்லாம் கண்டு மனம் கனத்து ஊர் திரும்புபவரே உண்மையில் அந்த ஊரைப் பார்த்தவர். மற்றவர் படம் பிடித்தவர் மாத்திரமே.

கடைசி வாரங்கள் நினைத்தபடி வாய்க்கும் என்பதும் இல்லை. கலவரத்தினால் 2000ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நிறுத்தப்பட்ட மாணவர் கல்வித்திட்டம் 2007இலேயே மீண்டும் தொடங்கிற்று. 2023 ஒக்டோபரில் போர் மூண்டபோதும் மாணவர்கள் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. யுத்தத்தில் அவசரமாக வீட்டைப் பூட்டிப் புறப்பட்ட நம் மக்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. விடைபெறச் சில வாரங்கள் கிடைப்பது பெரும் பேறு.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். "அவர்கள் தாமாகவா மௌனம் காத்தார்கள்? எதிர்ப்பு வந்ததால் அல்லவா? வேறு நாடுகளில் அதே சபை பிரசாரம் செய்யவில்லையா?" உண்மையே. அதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் அதிலிருந்து நாம் இரண்டு பாடங்களைப் பெறலாம். முதலாவது, தன் மதத்தில் உறுதியாக நிற்கும் சமூகம் அயலாரிடம் வாக்குறுதி கேட்டுப் பெற முடியும். வசைபாடுவதிலும் இது மேலான வழி. இரண்டாவது, எக்காரணத்தால் கொடுத்தாலும், கொடுத்த வாக்கைக் காப்பது அறமே. மௌனமாகச் செய்த சேவைதான் அம்மக்கள் மனத்தில் அவர்களுக்கு இடம் தேடித் தந்தது.

இனி, விரலை நம்மை நோக்கித் திருப்புவோம். நாம் செய்யும் தொண்டு பிரதிபலன் கருதாததா? கோயிலுக்கு ஒரு மின்குமிழ் கொடுத்தாலும், ஒளி மறையும்படி "உபயம்" என்று பெயர் எழுதுகிறோமே! மதம் மாற்றுவதற்காகச் சேவை செய்தல் தவறென்றால், பெயர் பொறிப்பதற்காகச் சேவை செய்தல் எத்தகையது? உழவாரப் படையேந்திக் கோயில் முன்றில்களில் புல் செதுக்கிய அப்பர் சுவாமிகள் எந்தக் கல்லிலும் தம் பெயரை வெட்டி வைக்கவில்லை.

மனைவியோடு வனம் புகும் வானப்பிரஸ்த நிலையை நம் முன்னோர் வகுத்தனர். இன்று புகுவதற்கு வனம் இல்லை. ஆனால் ஆசிரியர் போதாத தோட்டப் பாடசாலைகள் மலைநாட்டில் உண்டு. வைத்தியர் வருவதற்காகக் காத்திருக்கும் வன்னிக் கிராமங்களும் உண்டு. நம் பெரியோரில் பலர் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சென்று பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். அதுவும் சேவையே, குறைகூற மாட்டோம். ஆயினும் சங்கத்தின் முன் ஒரு விண்ணப்பத்தை வைக்கிறோம். இளைப்பாறிய ஆசிரியரும் தாதியரும் கணக்கரும் விரும்பினால், தம்பதியராக ஒரு பாடசாலைத் தவணைக் காலம் அத்தகைய ஓர் ஊரில் தங்கட்டும். இருப்பிடத்தைச் சங்கம் ஒழுங்கு செய்யட்டும். கடிதமெழுதுதல், கணக்கு வைத்தல், பொருள்களைக் கொண்டு சேர்த்தல் ஆகிய வேலைகளை வாலிபராகிய நாம் ஏற்கிறோம். எந்த மதத்துப் பிள்ளை வந்தாலும் கற்பிப்பது, பெயர்ப்பலகை வைப்பதில்லை என்னும் இரண்டு நிபந்தனைகள் போதும். கடைசி இரண்டு வாரங்களில் அவ்வூர்க் கோயிலையும் குளத்தையும் தேயிலைச் சரிவையும், அங்கு வாழும் மக்களே வழிகாட்ட, சுற்றிப் பார்த்து வரட்டும்.

பெரியோர்களே, உங்கள் அநுபவம் வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையோடு முடிந்துவிட வேண்டியதன்று. வாலிபர்களே, அவர்களை அனுப்பி வைப்பதற்கு வேண்டிய உழைப்பு நம்முடையது. அடுத்த ஆண்டு மலரில் ஒரு தம்பதியராவது தாம் கண்டதை எழுதும்படி செய்வோமாக.