பிரசவித்த தாய்க்குத் தலைவலி வந்தால்



பிள்ளை பெற்ற சில நாளில் தாய்க்குக் கடும் தலைவலி, வாந்தி, பிறகு வலிப்பு. பிரசவ ஜன்னி என்று வீட்டிலேயே வைத்திருந்து, தாமதமாய் எங்களிடம் கொண்டுவருகிறார்கள்.

இவர்களில் சிலருக்கு, மூளையிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரையில் இரத்தம் உறைந்து அடைத்திருக்கும். வடிகால் அடைபட்ட வீட்டில் தண்ணீர் தேங்குவதுபோல மூளை வீங்கும், இரத்தமும் கசியலாம்.

கசிவு இருக்கும்போது, உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைக் கொடுக்க மருத்துவர்கள் வெகுகாலம் அஞ்சினார்கள். 1991-ல் ஜெர்மனியில் 20 நோயாளிகளிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. ஹெப்பாரின் பெற்ற 10 பேரில் ஒருவரும் மரிக்கவில்லை. பெறாத 10 பேரில் 3 பேர் மரித்தார்கள். இன்று கசிவு இருந்தாலும் ஹெப்பாரின் கொடுக்கிறோம். வீக்கம் மிஞ்சினால் மண்டையோட்டில் ஒரு பகுதியைத் திறந்து உயிர் காக்கவும் முடிகிறது.

உங்கள் சபையின் தாய்மாரிடம் இரண்டு காரியம் சொல்லுங்கள். பத்தியம் என்று பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைக்கவேண்டாம். உடலில் நீர் வற்றினால் இரத்தம் எளிதில் உறையும். தலைவலி விடாதிருந்தால், வலிப்பு வரும்வரை காத்திராமல், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துவரவேண்டும்.

நேரத்தோடு வந்த தாய்மாரில் பெரும்பாலோர் தங்கள் பிள்ளையைத் தாங்களே தூக்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.