அனல் தாங்கும் அடுப்பு

குளிர்கால மாலைகளில் தில்லி வீட்டுக் கொல்லையில் கரியனல் மூட்டிச் சோளக்கதிரும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சுட்டுண்ணும் இன்பத்தை நம்மவரும் கற்றுக்கொண்டுவிட்டனர். அதற்கென நிலையானதோர் அடுப்புக் கட்ட முனைந்த நான், முதலில் பெரும்பிழை செய்தேன். மனையிலேயே கிடந்த ரிட்ஜ் குன்றின் கற்களைச் சிமெண்டுச் சாந்தில் அடுக்கினேன். செலவில்லை என்ற பூரிப்பு வேறு! மூன்றாம் முறை தீ மூட்டியபோது ஒரு கல் வெடித்து, அதன் சில்லு என் மகளின் காலடியில் வந்து விழுந்தது.

அக்கல் குவார்ட்சைட் இனத்தது. அதிலுள்ள குவார்ட்ஸ் 573 பாகை சென்டிகிரேடில் திடீரெனப் பருக்கும். உள்ளே தங்கிய ஈரமும் ஆவியாகி நெருக்கும். சிமெண்டின் பிடிப்போ 400 பாகையைத் தாண்டினாலே தளரத் தொடங்கும். விசிறிய கரியனல் இவ்விரண்டையும் எளிதில் கடந்துவிடும்.

ஆகவே தீ படும் உட்புறத்திற்குத் தீக்களிமண் செங்கல்லே தக்கது. கடையில் ‘ஃபயர் பிரிக்’ என்று கேளுங்கள். ஜாரியா, ராணிகஞ்சு நிலக்கரிப் படுகைகளில் இக்களிமண் கிடைக்கிறது. அக்களிமண்ணையே சாந்தாக்கி, இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மிகாமல் மெல்லெனப் பூச வேண்டும். வெளிச்சுவருக்குச் சாதாரணச் செங்கல் போதும். இடையே விரலளவு இடம் விடுங்கள், உட்சுவர் விரிவதற்காக. கம்பித்தட்டில் துத்தநாகப் பூச்சு வேண்டா. சூடேறினால் அது நச்சுப்புகை கக்கும். ஒரு வாரம் உலரவிட்டு, முதல் சில நாட்கள் சுள்ளித்தீ மட்டும் மூட்டுங்கள்.