குருதிக் கொழுப்பும் குடிவழி நோயும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒருவர் மாரடைப்பால் இறப்பின் அவர் உண்ட நெய்யையும் இறைச்சியையும் பழித்தல் உலக வழக்கு. அளவாக உண்டு, நாளும் உழைத்து, மெலிந்த உடலினராய் வாழ்ந்தாரும் நாற்பது வயதிற்குள் மாய்வது என்னை? அவர்தம் தந்தையாரும் அவ்வயதிலேயே மாய்ந்தார் எனக் கேட்பின், ‘குடும்பத்தின் தலைவிதி’ என்று விட்டுவிடுகின்றோம். சில குடும்பங்களில் அவ்விதிக்குள்ள காரணத்தை விளக்குதலே இவ்வுரையின் நோக்கம்.

நம் உடல் எண்ணிறந்த உயிரணுக்களால் ஆயது. ஒவ்வோர் உயிரணுவையும் கொழுப்பாலாகிய மெல்லிய இரட்டைப் படலம் சூழ்ந்துள்ளது. அப்படலத்திற்கு உறுதி தரும் பொருள்களுள் ஒன்று கொலஸ்டிரால். ஆகவே அது பகையன்று. அஃதின்றி உடல் நில்லாது. எனினும் அது நீரிற் கரையாதது. குருதியோ பெரும்பகுதியும் நீர். ஆதலின் புரதம் போர்த்த நுண்ணிய உருண்டைகள் அதனைச் சுமந்து செல்கின்றன. இவற்றை லிப்போபுரோட்டீன் என்பர். இவற்றுள் எல்.டி.எல். என்பதனை ஏற்கும் வாயில்கள் உயிரணுவின் படலத்தில் உள; கல்லீரலில் அவை மிகுதி. அவ்வாயில்கள் குறையின், உருண்டைகள் உட்புக மாட்டாமல் குருதியிலேயே திரிந்து, இரத்தக் குழாய்ச் சுவரிற் படிந்து, நாளடைவில் இதயத்திற்குச் செல்லும் வழியை அடைக்கும்.

அமெரிக்க நாட்டு டல்லஸ் நகரில் மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்னும் அறிஞர் இருவர், நோயுற்றாருடைய தோலின் உயிரணுக்களை வளர்த்து ஆராய்ந்து, 1970-களில் இவ்வுண்மையைக் கண்டனர். அதன்பொருட்டு 1985-ல் நோபெல் பரிசு பெற்றனர்.

நிற்க. இவ்வாயிலை ஆக்கும் மரபணுவைத் தாயிடம் ஒன்றும் தந்தையிடம் ஒன்றுமாகப் பெறுகின்றோம். ஒன்று பழுதாயின் வாயில்கள் ஏறத்தாழப் பாதியாகும். இத்தகைய பரம்பரைக் கொழுப்பு நோயுடையார் உலகில் சுமார் 300 பேருக்கு ஒருவர். அவர்தம் மக்கள் ஒவ்வொருவருக்கும் அப்பழுது சேரும் வாய்ப்புப் பாதி. இரண்டும் பழுதாயினோ கொடிது. இளம் பருவத்திலேயே முழங்கையிலும் முழங்காலிலும் மஞ்சள் நிறக் கட்டிகள் தோன்றும். மருத்துவம் இல்லையேல் இருபது வயதிற்குள்ளும் மாரடைப்பு நேரலாம்.

இனி, நமக்கே உரியதொன்று கூறுவேன். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவினுள்ளே கொண்டு கொடுத்தல் நம்மிடை நெடுநாளைய வழக்கு. சொத்துப் பிரியாது என்பர். சொத்தோடு பழுதும் பிரியாது நிற்குமே! ஒரு பாட்டனாரின் பழுது கணவன் மனைவி இருவரிடத்தும் இருப்பின், பிறக்கும் ஒவ்வொரு மகவுக்கும் இரட்டைப் பழுது நேரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

ஆதலின், இளவயதில் மாரடைப்பு நேர்ந்த வீட்டில் உடன்பிறந்தாரும் மக்களும் குருதியைச் சோதித்தறிக. அவ்வீட்டாரின் உறவினுள்ளே மணம் பேசுவார், ஜாதகம் பார்ப்பதற்கு முன் குருதிச் சோதனையைப் பார்க்க. பழுதுடையாரை இழிவாக எண்ணற்க. மருமகள்மேற் பழி சுமத்தற்க. ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ 1970-களில் ஒருவகைப் பூஞ்சையினின்றும் பிரித்தெடுத்த பொருளே ஸ்டேட்டின் என்னும் மருந்துகளுக்கு வழிகாட்டிற்று. 1987 முதல் வழக்கிலுள்ள அம்மருந்துகள் கல்லீரலின் வாயில்களைப் பெருக்குவன. ஒற்றைப் பழுதுடையார் மருத்துவர் சொற்படி அவற்றை இடைவிடாது உட்கொள்ளின் நெடுநாள் வாழலாம். மறைத்து வைத்த நோய்க்கு மருந்தில்லை. அறிந்த நோய்க்கு உண்டு.