நாடி திறந்தது, உடம்பு தேறியதா?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாற்பதைக் கடந்த நாம் சந்தித்தால், பேச்சு விரைவிலேயே பெற்றோரின் சுகத்துக்கு வந்துவிடுகிறது. "அம்மாவுக்கு ஸ்ரென்ட் வைத்தாயிற்று, இனிப் பயமில்லை" என்கிறோம். அந்த "இனிப் பயமில்லை" பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

1977 செப்டெம்பரில் சூரிச் நகரில் வைத்தியர் அன்ட்ரியாஸ் குருன்ட்சிக், இருதய நாடியின் அடைப்பைச் சிறு பலூனால் முதன்முதலாகத் திறந்தார். இன்று அவ்விடத்தில் ஸ்ரென்ட் என்னும் வலைக்குழாயையும் பொருத்துகிறோம். அது திறப்பது அடைபட்ட இடத்தை மட்டுமே. நாடிச்சுவரில் கொழுப்போடு அழற்சியும் சேர்ந்தே அடைப்பை உண்டாக்கியது. அந்த அழற்சி நீடித்தால் ஆபத்தும் நீடிக்கும்.

இதை அறியச் சாதாரண குருதிப் பரிசோதனைகளே உதவுகின்றன. அழற்சியின்போது ஈரல் கூடுதலாக உண்டாக்கும் புரதம் சீ.ஆர்.பி. வெண்குழியங்களில் நியூற்றோபில் எண்ணிக்கையை லிம்போசைற் எண்ணிக்கையால் வகுத்து வரும் விகிதமும் அழற்சியோடு உயரும். அல்புமின் என்ற புரதமோ, போசாக்குக் குறைந்தாலும் அழற்சி நீடித்தாலும் தாழும். முன்னிரண்டும் உயர்ந்தவர்களிடமும், அல்புமின் தாழ்ந்தவர்களிடமும் ஸ்ரென்ட் வைத்தபின் மாரடைப்பும் மரணமும் கூடுதலாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன.

இவை சாதகக் குறிப்பல்ல. ஒரு சாதாரண தொற்று வந்தாலும் சீ.ஆர்.பி. உயரும். யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பதையே இவை சொல்கின்றன.

கிளினிக்கில் வைத்தியர்களாகிய நாங்கள் அடிக்கடி காண்பது ஒன்றுண்டு. ஸ்ரென்ட் வைத்த நாள்முதல் அம்மாமார் முட்டையை விடுகிறார்கள், மீனை விடுகிறார்கள், கஞ்சியோடும் தேநீரோடும் நாளைப் போக்குகிறார்கள். உடம்பு மெலிந்தால், "நல்லது, கொழுப்புக் கரைகிறது" என்று வீட்டார் மகிழ்கிறார்கள். முதுமையில் அப்படிக் கரைவதில் தசையும் உண்டு.

நம்மில் பலர் கடல் கடந்து வாழ்கிறோம். தொலைபேசியில் "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டால், "ஓம் பிள்ளை" என்று மட்டுமே பதில் வரும். இனி, "என்ன சாப்பிட்டீங்கள்?" என்று கேட்போம். உடுப்புத் தளர்ந்துவிட்டதா, மெல்லப் பல் இருக்கிறதா, நிறை எவ்வளவு என்று கேட்போம். குருதிப் பரிசோதனையில் அல்புமின் எவ்வளவு என்று வைத்தியரிடம் விசாரிப்போம். மாத்திரைகளை ஒருநாளும் தாமாக நிறுத்த விடாதிருப்போம். சிறுநீரக நோய் இருந்தால் புரதத்தின் அளவை வைத்தியரே சொல்லட்டும். மற்றவர்கள் மீன், பருப்பு, முட்டை, கீரை என்பவற்றை அளவோடு உண்ணலாம்.

மனையியல் வகுப்பில் நிறையுணவுப் படம் வரைந்து புள்ளி வாங்கினோம். அந்தப் பாடத்தை, நமக்குச் சோறூட்டியவர்களின் கோப்பையில் இட வேண்டிய காலம் இது.