ஐயமும் திரிபும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



காட்சியின் குற்றங்களாக ஐயம், திரிபு என இரண்டை நமது சித்தாந்த அளவை நூலார் கூறுவர். கயிறோ பாம்போ என மயங்குவது ஐயம். கயிற்றைப் பாம்பென்றே துணிவது திரிபு. இவ்விரண்டையும் இங்கிலாந்து தேசத்து நீர்த்தேக்கங்களிலுள்ள தாராக்களைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

அங்கே நீரில் மூழ்கி இரைதேடும் தாராக்களுள் இரண்டு இனங்களை எளிதிற் காணலாம். கொண்டைத் தாராவின் சேவலுக்குக் கரிய முதுகு, வெண்ணிற விலா, மஞ்சட் கண், பிடரியில் தொங்கும் கொண்டை. செந்தலைத் தாராவுக்குச் செம்பழுப்புத் தலை, சாம்பல் உடல், சிவந்த கண். இவை சிலவேளை தம்முட் கலந்து குஞ்சு பொரிப்பதுண்டு. அக்குஞ்சுகள் வளர்ந்து தாய் தந்தையரை மட்டும் ஒத்திருந்தாற் சிக்கலில்லை. ஆனால் அவற்றுட் சில, வட அமெரிக்காவுக்குரிய 'சிறிய ஸ்கோப்' என்னும் மூன்றாவது இனத்தையே ஒத்திருக்கின்றன!

வேறுபாட்டை எவ்வாறு அறிவது? முதலில் அலகைப் பார்க்க வேண்டும். சிறிய ஸ்கோப்பின் நீலச்சாம்பல் அலகிலே, நுனியிலுள்ள சிறு நகம் மாத்திரமே கறுப்பு. கலப்பினத்திலோ கறுப்பு நகத்தைத் தாண்டி இருபுறமும் பரவும். ஸ்கோப்பின் கண் மஞ்சள். கலப்பினத்தின் கண் பெரும்பாலும் செம்மஞ்சள். ஸ்கோப்பின் முதுகில் அலைக்கோடுகள் தெளிவானவை. கலப்பினத்தில் அவை நுண்ணியவையாதலால், தூரத்தே வெறுஞ் சாம்பலாகத் தோன்றும். மூழ்கும் வேளையில் இறகு படிந்து தலையின் வடிவு மாறுமாதலால், அது ஓய்ந்திருக்கும்வரை காத்திருந்து பார்த்தல் வேண்டும். ஓர் அடையாளம் போதாது. எல்லாம் ஒத்துவர வேண்டும்.

அறிஞரும் இதில் இடறியதுண்டு. 1847இல் பாட்லெற் என்பவர் புதிய இனமென்று பெயரிட்ட தாரா, பின்னர் கலப்பினமென்றே தெளிவாயிற்று. 1961இல் பெரின்ஸ் என்னும் ஆய்வாளர் இந்தச் சிறிய ஸ்கோப் மயக்கத்தைப் பற்றியே ஒரு கட்டுரை வரைந்தார். பிரித்தானியாவில் உண்மையான சிறிய ஸ்கோப் முதன்முதலாகக் காணப்பட்டதென ஏற்கப்பட்டது 1987ஆம் ஆண்டுக் காட்சியேயாகும்.

அன்பர்களே, அபூர்வமான ஒன்றைக் கண்டோம் என்னும் ஆசையே திரிபுக்குத் தாய். ஐயமும் குற்றமே, ஆயினும் ஐயமுற்றவன் மறுபடியும் பார்ப்பான், திரிபுற்றவன் பார்க்கமாட்டான். ஒரு தாராவை அறிவதற்கே இத்துணைப் பொறுமை வேண்டுமாயின், ஒரு மனிதனைக் கண்டவுடன் 'இவன் இன்னான்' என்று முடிவு கட்டும் நாம் எத்துணைப் பொறுமை பழக வேண்டும்!