கம்பியிலே குத்தி வைத்த கடிதங்கள்

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வள்ளலாரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஜோதி வழிபாடு, தருமசாலை பற்றியெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நான் அவருடைய கடிதங்களைப் பற்றிச் சொல்கிறேன். சன்மார்க்கத்தார் அவற்றைத் 'திருமுகம்' என்பார்கள்.

ரங்கூனிலே எங்கள் வீட்டில் தைப்பூசத்தன்று அக்கம்பக்கத்தார் கூடி அருட்பா படிப்பார்கள். எங்கப்பா அரிசி மில்லிலே கணக்கெழுதியவர். படித்து முடித்ததும் ஒரு கடிதத்தை எடுத்துப் பேச்சு வழக்கிலே சொல்லுவார். எனக்குப் பாட்டு புரியாது, கடிதம் புரிந்தது.

வள்ளலார் சென்னையை விட்டுக் கருங்குழியில் தங்கியிருந்த காலம். சென்னையிலிருந்த அன்பர் இறுக்கம் இரத்தின முதலியார் அவருடைய பாடல்களை அச்சிட வேண்டுமென்று கேட்டுக்கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. பாட்டு கைக்கு வரும்வரை ஒரு வேளைதான் சாப்பிடுவேன் என்று விரதம் பிடித்துவிட்டார்! 1860 கடைசியில் அதற்கு வள்ளலார் எழுதிய பதில் இருக்கிறதே, அதில் தத்துவம் ஒன்றும் இல்லை. நீங்கள் ஒரு வேளை உண்பது என் மனசை வருத்துகிறது, பாட்டை அனுப்புகிறேன், வழக்கம்போலச் சாப்பிடுங்கள் என்பதுதான் சேதி.

தன் பெயரோடு 'சாமி' சேர்த்துப் போடுவதில் தனக்குச் சம்மதமில்லை, அது ஆரவாரம் என்றும் எழுதியிருக்கிறார். மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் 1867ல் திருவருட்பாவை வெளியிட்டபோது சிதம்பரம் இராமலிங்க பிள்ளை என்றுதான் போட்டார். ஆனால் அதற்கு முன்னாலே 'திருவருட்பிரகாச வள்ளலார்' என்று சேர்த்துவிட்டார். அன்பர்கள் எப்போது சொன்னபடி கேட்டார்கள்?

இந்தக் கடிதங்களைப் பெற்றவர்கள் கிழித்துப் போடவில்லை. பத்திரமாக வைத்திருந்தார்கள். சுமார் 70 வருஷம் கழித்து ஆ. பாலகிருஷ்ண பிள்ளை அருட்பாவை 1931லிருந்து பல புத்தகங்களாகப் பதிப்பித்தபோது திருமுகங்களும் அச்சேறின. அதனால்தான் ரங்கூனில் இருந்த ஒரு கணக்குப்பிள்ளை வரைக்கும் வந்து சேர்ந்தன.

எங்கப்பாவுக்கும் கடிதம் வரும். ஊரிலிருந்து அப்பாயி ஆள் வைத்து எழுதிப் போடும். எல்லாவற்றையும் வளைத்த கம்பியிலே குத்திச் சுவரில் மாட்டியிருப்பார். 1964 மார்ச்சில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் 50 சாட், 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். அதற்குப் பிறகு நாமெல்லாம் கப்பலுக்குக் காத்திருந்தது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ் எழுத்திலே காகிதம் இருந்தால் சோதனையில் என்ன ஏதென்று கேட்பார்கள் என்று யாரோ பயமுறுத்திவிட்டார்கள். ஒரு ராத்திரி அப்பா கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக் கொடுத்தார், நான் அடுப்பிலே போட்டேன். எனக்கு 14 வயசு. போடும் முன்னே ஒன்றை வாசித்தேன். ரெண்டு வேளையும் சாப்பிடு, காசு மிச்சம் பிடிக்கிறேனென்று வயித்தைக் காயப்போடாதே என்று அப்பாயி சொல்லியிருந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை.

கப்பலேறுமிடத்திலே காகிதம் எதையும் யாரும் கேட்கவில்லை.

2016ல் ரங்கூன் போயிருந்தேன். இப்போது யாங்கூன் என்கிறார்கள். எங்கள் தெருவிலே நாங்கள் இருந்த வீடு இல்லை. பக்கத்து வீட்டார் போகாமல் தங்கிவிட்டவர்கள். அவர்கள் பேரன் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். ஊரிலிருந்து தாத்தாவுக்கு வந்த கடிதங்கள். பேரனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அன்று சாயங்காலம் முழுக்க நான் வாசித்தேன், அவர் கேட்டார்.

நம் சங்கத்துக் குடும்பங்களிலும் இப்படிப் பெட்டி இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சங்க அலுவலகத்தில் இருப்பேன். கொண்டுவாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு அசலை உங்கள் கையிலேயே தந்துவிடுகிறோம். வாசிக்க வராத பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள், நான் வாசிக்கிறேன்.