கூலியும் கண்ணியமும்

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



அநீதியை எடுத்துரைக்கும் ஆவணப்படங்களை மக்கள் ஒன்றுகூடிப் பார்த்து, பின்னர் அதுபற்றிக் கலந்து பேசும் வழக்கம் பல நாடுகளில் உள்ளது. அமெரிக்காவில் அவ்வாறு திரையிடப்படும் படங்களுள் ஒன்று, 1993இல் வெளிவந்த 'அட் தி ரிவர் ஐ ஸ்டேண்ட்'. மெம்ஃபிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் 1968இல் நடத்திய வேலைநிறுத்தமே அதன் பொருள்.

அந்நகரில் குப்பை அள்ளியோர் ஏறத்தாழ அனைவரும் கறுப்பின மக்கள். முழுநேரம் உழைத்தும் அரசின் உதவித்தொகையை நாடும் நிலையில் பலர் இருந்தனர். 1968 பிப்ரவரி 1 அன்று, மழைக்காகக் குப்பை வண்டியின் பின்பகுதியில் ஒதுங்கிய இரு தொழிலாளர்களை, குப்பையை அமுக்கும் இயந்திரம் உள்ளிழுத்து நசுக்கிக் கொன்றது. பிப்ரவரி 12 அன்று சுமார் 1,300 பேர் வேலையை நிறுத்தினர். 'நான் ஒரு மனிதன்' என்று எழுதிய அட்டைகளை ஏந்தி வீதியில் நடந்தனர். அவர்களுக்குத் துணை நிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங், ஏப்ரல் 4 அன்று அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16 அன்று நகர நிர்வாகம் தொழிற்சங்கத்தை ஏற்று, கூலி உயர்வுக்கும் இணங்கியது.

அன்பிற்குரியவர்களே! தான் மனிதன் என்பதை ஒருவன் அட்டையில் எழுதிக் காட்ட நேர்ந்தது ஏன்? நிறத்தால் ஒருவனைத் தாழ்ந்தவன் என்று உள்ளம் ஏற்றுக்கொண்டுவிட்டால், அவனுடைய கூலியைக் குறைக்கக் கை கூசுவதில்லை. அவனுடைய உயிரும் மலிவாகிவிடுகிறது. இழிவும் சுரண்டலும் ஒரே நோயின் இரு அடையாளங்கள்.

இந்நோய்க்கு நபி (ஸல்) அவர்கள் அளித்த மருந்து புகாரியில் பதிவாகியுள்ளது. அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைக் குறிப்பிட்டு ஏசிவிட்டார்கள். ஏசப்பட்டவர் பிலால் (ரலி) அவர்களே என்றும், தாயின் கறுப்பு நிறத்தைச் சொல்லியே ஏசினார்கள் என்றும் விரிவுரையாளர்கள் கூறுவர். அறியாமைக் காலத்துக் குணம் இன்னும் அவரிடம் எஞ்சியிருப்பதாக நபியவர்கள் கண்டித்தார்கள். அத்துடன் நிறுத்தவில்லை. பணியாளர்கள் நம் சகோதரர்கள் என்றும், நாம் உண்பதை அவர்களுக்கு உண்ணவும், உடுத்துவதை உடுத்தவும் கொடுக்க வேண்டும் என்றும், சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தக் கூடாது, சுமத்தினால் கூட நின்று உதவ வேண்டும் என்றும் கட்டளையிட்டார்கள்.

நிறத்தைப் பழித்த நாவுக்குக் கிடைத்த பாடம், பணியாளரின் உணவையும் உடையையும் பற்றியதாக இருந்ததைக் கவனியுங்கள். அபூதர் (ரலி) அவர்கள் வருந்தியதோடு நிற்கவில்லை. பிற்காலத்தில் ரபதாவில் அவர்களைச் சந்தித்தவர், எஜமானும் ஊழியரும் ஒரே விதமான உடை அணிந்திருப்பதைக் கண்டு வியந்து காரணம் கேட்டார். அப்போதுதான் அவர்கள் இந்நிகழ்ச்சியை எடுத்துரைத்தார்கள்.

ஆகவே, இத்தகைய படங்களைக் குடும்பத்தோடு பாருங்கள், பிள்ளைகளுக்கு விளக்குங்கள். ஆனால் தூர தேசத்து அநீதிக்குக் கண்ணீர் விட்டவர், நம் தெருவில் குப்பை அள்ளுபவரை எவ்வாறு அழைக்கிறோம், வீட்டுப் பணிப்பெண்ணுக்கு எந்தத் தட்டில் உணவு தருகிறோம், கடை ஊழியரின் சம்பளத்தை எத்தனை நாள் தாமதிக்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்பது நபிமொழி. அந்த வழக்கில் யார் வெல்ல முடியும்?

எவருடைய உழைப்பையும் உண்ணாமல், எவரையும் இழிவாகக் கருதாமல் வாழும் நல்லடியார்களாக நம் அனைவரையும் வல்ல ரஹ்மான் ஆக்கியருள்வானாக! ஆமீன்.